கை தட்டாத சபை

செங்கத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ, இல்லையோ, எனக்குத் தெரியாது. திருவண்ணாமலையில் பெங்களூர் பஸ் ஏறினால் மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். வலது பக்கத்தில் ஜவ்வாது மலை கூடவே வரும். மலையில் பிறந்த செய்யாறு ஊரை ஒட்டி ஓடும். ஓடுகிற நாளில் ஓடும், மற்ற நாளில் மணலாகக் கிடக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கினீர்களானால் முதலில் உங்களை வரவேற்பது சத்தந்தான். "சேலம், சேலம்!" என்று ஒருவர் கூவுவார். வேர்க்கடலை விற்கிறவர் அவருக்கு மேல் ஒரு கட்டை ஏற்றிக் கூவுவார். டீக்கடைப் பாட்டு, ஹாரன், கண்டக்டர் விசில் எல்லாம் சேர்ந்து ஒரு கச்சேரியே நடக்கும்.

இந்த ஊர் சத்தத்துக்குப் பேர் போனது இன்று நேற்றல்ல. சங்க காலத்தில் இதற்குச் செங்கண்மா என்று பெயர். நன்னன் என்ற சிற்றரசன் ஆண்டான். அவனைப் பாடிய 'மலைபடுகடாம்' பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள். மலையை யானையாகவும் மலையில் எழும் ஓசையை அதன் மதமாகவும் பாவித்து வைத்த பெயர் அது என்பார்கள். அருவி விழும் ஓசை, தேன் எடுப்பவர்களின் ஆரவாரம், தினை குற்றும் பெண்களின் பாட்டு, கிளி ஓட்டுகிறவர்களின் கூச்சல் என்று புலவர் ஒன்று விடாமல் அடுக்கியிருக்கிறார். நல்ல காது அவருக்கு!

இப்போது உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அதே பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பன்னிரண்டு வயது. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் வீடு. பிறந்தது முதல் காது கேளாது. நான் சொன்ன சத்தம் ஒன்றும் அவனுக்குக் கிடையாது. அதற்காக அவன் அழுதுகொண்டு நிற்கவில்லை. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப் பலகையை உங்களுக்கும் எனக்கும் முன்னால் படித்து விடுகிறான். நம்மைவிடக் கண் கூர்மை.

அவனுடைய கஷ்டம் சத்தம் கேட்காதது அல்ல. பேச ஆள் இல்லாதது.

காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அப்பா அம்மாவுக்குச் சைகை மொழி தெரியாது. தெரியும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதுமில்லை. சாப்பிட, தூங்க, மாட்டைக் கட்ட, வா, போ என்று ஓர் இருபது முப்பது ஜாடைகள் வீட்டுக்குள்ளேயே உண்டாகும். அதை வைத்துக்கொண்டு, "ஏனம்மா நேற்று அழுதாய்?" என்று கேட்க முடியுமா? "எனக்குப் பயமாயிருக்கிறது" என்றுதான் சொல்ல முடியுமா? இந்தப் பையனுக்கு வீடு என்பது அன்பு நிறைந்த, பேச்சற்ற இடம்.

பேச்சு அவனுக்குக் கிடைத்தது விடுதியில். தமிழ்நாட்டில் காது கேளாதோர் பள்ளிகள் பழமையானவை. பாளையங்கோட்டையில் பிளாரென்ஸ் ஸ்வைன்ஸன் அம்மையார் தொடங்கிய பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. பல பள்ளிகளில் நெடுங்காலம் உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்குவதே பாடம். கையால் பேசினால் கண்டிப்பு. ஆனால் மாலை மணி அடித்து வாத்தியார் வீட்டுக்குப் போன பிறகு விடுதியில் என்ன நடக்கும்? பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சைகையில் கதை சொல்வார்கள், சண்டை போடுவார்கள், சினிமா முழுவதையும் நடித்துக் காட்டுவார்கள். அங்கேதான் மொழி.

நடுவில் ஒரு சொல். நாம் 'செவிட்டு ஊமை' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் பின்பாதி சுத்தப் பொய். கையால் பேசுகிறவனை ஊமை என்பது, தமிழ் தெரியாத பிரெஞ்சுக்காரர் உங்களைப் பார்த்து ஊமை என்பது போலத்தான். சைகை மொழிக்கு இலக்கணம் உண்டு. புருவத்தை உயர்த்தினால் கேள்வி. முகத்தைச் சுளித்தால் வேறு பொருள். ஒரே சைகை உலகமெங்கும் செல்லும் என்று நினைப்பதும் தவறு. நாட்டுக்கு நாடு மொழி வேறு. இந்தியாவுக்கு இந்தியச் சைகை மொழி. அதிலும் ஊருக்கு ஊர் சொல் மாறும், நம் கத்தரிக்காய்க்கு வழுதுணங்காய் என்று ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அதுபோல.

2020-ஆம் வருஷம் மார்ச் மாதம் கொரோனா வந்தது. விடுதிகளைப் பூட்டினார்கள். நம் பையன் பெட்டியோடு செங்கம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியது அப்போதுதான். எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்குத்தான் போனார்கள். ஆனால் மற்றவர்கள் வீட்டுக்குப் போனால் பள்ளிக்கூடம் மட்டும் நின்றது. இவனுக்கு மொழியே நின்றது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கும் மேல் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

இந்தப் பையனையும், இவனைப் போல் உலகெங்கும் உள்ளவர்களையும் தன் பிள்ளைகள் என்று சொல்லிக் கொள்ளும் ஒரு வாலிபர் ஸ்தாபனம் இருக்கிறது. சம்பளமில்லாமல் அதை நடத்துகிறவர்கள் வாலிபர்கள். அவர்களும் காது கேளாதவர்கள். கொள்ளை நோய்க் காலத்தில் அப்படி ஒரு ஸ்தாபனத்துக்குத் தலைமை வகிப்பது என்ன பாடு என்பதைச் சொல்லத்தான் உங்களைச் செங்கம் வரை அழைத்து வந்தேன்.

1951 செப்டம்பர் 23-ஆம் தேதி ரோமாபுரியில் உலகக் காது கேளாதோர் சம்மேளனம் பிறந்தது. இன்று 130-க்கு மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் அதில் அங்கம். தலைமைக் காரியாலயம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில். பிறந்த தினமான செப்டம்பர் 23-ஐயே சர்வதேசச் சைகை மொழிகள் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2017-ல் பிரகடனம் செய்தது. சம்மேளனத்தின் வாலிபர் பிரிவு 1995-ல் வியன்னா மகாநாட்டின்போது அமைந்தது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் அதன் வாலிபர்கள். அதே 1995-ல்தான் லீசா கௌப்பினென் என்ற பின்லாந்து அம்மையார் சம்மேளனத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர், தாமும் காது கேளாதவர். 2013-ல் ஐ.நா.வின் மனித உரிமைப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

'தாமும் காது கேளாதவர்' என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. 1880-ல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மகாநாடு கூடியது. பள்ளிகளில் சைகையை ஒழித்து, வாய்ப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வந்திருந்த பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பந்தியில் சாப்பிடுகிறவனைக் கேட்காமல் சமையலறையிலேயே ருசியை முடிவு செய்த கதை! அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க அவர்களுக்கு 130 வருஷம் பிடித்தது. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மகாநாடு தெரிவித்தது.

இன்னொரு சம்பவம். அமெரிக்காவில் காலடெட் என்று காது கேளாதோருக்கென்றே ஒரு சர்வகலாசாலை; 1864-ல் தொடங்கியது. 124 வருஷமாக அதன் தலைவர் எல்லாரும் காது கேட்பவர்கள். 1988 மார்ச்சில் மறுபடியும் காது கேட்கும் ஒருவரையே நியமித்தபோது மாணவர்கள் வாசற்கதவுகளை அடைத்து உட்கார்ந்து விட்டார்கள். ஒரே வாரம். கிங் ஜோர்டன் என்ற காது கேளாதவர் தலைவரானார். கையாலேயே கோஷம் போட்டு ஜெயித்த கிளர்ச்சி அது. எங்களைப் பற்றிய காரியத்தை நாங்களே நடத்துவோம் என்பது அன்று முதல் உலகெங்கும் காது கேளாத வாலிபர்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. டென்மார்க்கில் 'பிரண்ட்ரன்னர்ஸ்' என்று அவர்களுக்கே ஒரு தலைமைப் பயிற்சி நடக்கிறது. பல தேசத்து வாலிபர்கள் மாதக் கணக்கில் ஒன்றாகத் தங்கிப் பழகுகிறார்கள்.

வாலிபர் பிரிவின் உயிர்நாடியும் அந்த 'ஒன்றாகத் தங்குவது'தான். முகாம் என்றால் நமக்குக் கூடாரமும் கிச்சடியும் நினைவுக்கு வரும். அவர்களுக்கு முகாம் என்பது வேறு. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாலிபன், தான் மட்டும் வித்தியாசமாக இல்லாத ஓர் இடத்துக்கு வருகிறான். பரிமாறுகிறவர் சைகையில் பேசுகிறார். பிரசங்கம் செய்கிறவர் சைகையில் பேசுகிறார். ஹாஸ்யமும் அதில்தான், காதலும் அதில்தான். பெருவிலிருந்து வந்தவனும் நேப்பாளத்திலிருந்து வந்தவளும் முதல் நாள் தடுமாறுவார்கள். மூன்றாம் நாள் 'சர்வதேசச் சைகை' என்ற பொது வழக்கில் அரட்டை அடிப்பார்கள். அது முழு மொழியல்ல, சந்தையில் பிறந்த கலப்பு வழக்கு மாதிரி. ஆனாலும் வேலைக்கு ஆகிறது. ராத்திரி விளக்கை அணைத்தால்தான் பேச்சு நிற்கும். விளக்கை அணைக்கத்தான் யாரும் விடமாட்டார்கள்.

நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை உலக மகாநாடு. அதை ஒட்டி வாலிபர்களின் பொதுக்கூட்டம், நிர்வாகிகள் தேர்தல். 2019 ஜூலையில் பாரிஸில் கூடினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவரவர் ஊருக்குப் பெரிய பெரிய திட்டங்களோடு திரும்பினார்கள். எட்டு மாதம் ஆவதற்குள் உலகம் கதவைச் சாத்திக்கொண்டது.

உத்தியோகமோ படிப்போ பகலில். ஸ்தாபன வேலை ராத்திரியில். தொண்டர் தலைவரின் நிலை எப்போதுமே அதுதான். நோய்க் காலத்தில் அந்தப் பகல் உத்தியோகமே ஆட்டம் கண்டது. அதற்கு மேல் பூகோளம் வேறு குறுக்கே நின்றது. ஹெல்சிங்கியில் கோடை காலத்து மாலை 6 மணிக்குக் கூட்டம் என்று வையுங்கள். நம் செங்கத்தில் இரவு 8-30. ப்யூனஸ் ஏர்ஸில் மத்தியானம் 12. நியூஜிலாந்தின் வெலிங்டனில் மறுநாள் விடியற்காலை 3! யாரோ ஒருவர் எப்போதும் தூக்கத்தைத் தியாகம் செய்தாக வேண்டும். தலைவர் என்றால் பெரும்பாலும் அந்த ஒருவர் அவர்தான்.

"அவர்களுக்கு என்ன ஐயா கஷ்டம்? எல்லாம் திரையில் முகம் பார்த்துப் பேசுவதாக மாறிவிட்டதே, கண்ணால் பேசுகிறவர்களுக்கு அது வசதிதானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் நேர்மாறு.

ஜூம் முதலான திரைக் கூட்டங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் பேசுகிறாரோ அவர் படம் பெரிதாக வரும். பேசுகிறார் என்று யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? சத்தத்தை வைத்துத்தான். காது கேளாத ஒருவர் உயிரைக் கொடுத்துச் சைகையில் வாதாடிக் கொண்டிருப்பார். அவர் தபால் தலையளவு கட்டத்தில் ஒரு மூலையில் கிடப்பார். யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். திரை முழுவதும் அந்தச் சமையலறை வந்து நிற்கும்! இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் சிலர் அடுத்த பக்கத்துக்கே போய்விடுவார்கள். நேரில் என்றால் தரையைக் காலால் தட்டலாம், விளக்கை அணைத்து எரிக்கலாம், தோளைத் தொடலாம். சபையின் கவனம் திரும்பும். திரையில் எந்தத் தோளைத் தொடுவது? காது கேளாதோர் கேட்டுக் கேட்டு, ஒரே சமயத்தில் பலரைப் பெரிதாக நிறுத்தி வைக்கும் வசதி 2020-ல் வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கென்று தனி ஜன்னல் 2022-ல்தான் வந்தது. நோயின் உச்ச கட்டமெல்லாம் கடந்த பிறகு.

இன்னும் சில சங்கடங்களைக் கேளுங்கள். நாம் போனில் பேசும்போது படத்தை அணைத்துவிட்டு வெங்காயம் உரிக்கலாம். காது மட்டும் வேலை செய்யும். அவர்கள் கண்ணை எடுக்க முடியாது. இரண்டு மணி நேரக் கூட்டம் என்றால் இரண்டு மணி நேரமும் இமைக்காத வேலை. போனைக் கையில் பிடித்தால் பேசுவதற்கு ஒரு கைதான் மிச்சம். ஆகவே அதைச் சொம்பின்மேல் சாய்த்து வைக்க வேண்டும். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். பூப்போட்ட சட்டை கூடாது, கை தெரியாது. கரண்டு போனால் வாய் அடைத்த மாதிரி. இணையம் தடுமாறிப் படம் ஒரு விநாடி உறைந்தால் நமக்கு ஓர் எழுத்து போகும், அவர்களுக்கு ஒரு வாக்கியம் போகும். வெறும் பேச்சுக்குச் சொற்ப டேட்டா போதும். படத்துக்கு அள்ளிக் கொட்ட வேண்டும். மலையடிவாரத்தில் சிக்னலுக்காக மொட்டைப் பாறைமேல் ஏறி நிற்கிற நம் பையனுக்கு, உலக வாலிபர் சபையின் வாசல் எவ்வளவு குறுகலாகத் தெரிந்திருக்கும்!

இவ்வளவுக்கும் நடுவில், தலைவர் செய்ய வேண்டியிருந்த முதல் வேலை உயிர் சம்பந்தமானது. நோய் வந்துவிட்டது, கையைக் கழுவு, வெளியே போகாதே என்ற செய்தி அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? நம் நாட்டில் 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் தேசமே அடைப்பு. கேட்டவர்கள் கடைக்கு ஓடினார்கள். கேளாதவர்கள்? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடுவதைப் பார்த்து, ஏதோ ஆபத்து என்று மட்டும் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

உலகெங்கும் இதே கதை. உலகச் சம்மேளனம், சைகை மொழிபெயர்ப்பாளர்களின் உலகச் சங்கத்தோடு சேர்ந்து, அந்த மார்ச்சிலேயே அரசாங்கங்களுக்கு வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டது. அறிவிப்பு செய்கிற மந்திரிக்குப் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளரை நிறுத்துங்கள், படத்தில் அவரை வெட்டிவிடாதீர்கள் என்பது சாரம். நியூஜிலாந்தில் 2006 முதலே சைகை மொழி அரசாங்க மொழிகளில் ஒன்று. அங்கே பிரதமருக்குப் பக்கத்தில் நாள் தவறாமல் மொழிபெயர்ப்பாளர் நின்றார். அமெரிக்காவில் வழக்கே போட வேண்டியிருந்தது. 2020 செப்டம்பரில் நீதிபதி உத்தரவு போட்ட பிறகுதான் வெள்ளை மாளிகையின் கொரோனா அறிவிப்புகளுக்குச் சைகை வந்தது. இங்கிலாந்தில், அவ்வருஷம் நடந்த இரண்டு அறிவிப்புக் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளரைக் காட்டாதது சட்ட விரோதம் என்று 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லிற்று. வழக்குத் தொடுத்தவர் காது கேளாத ஓர் இளம் பெண்மணி. வழக்கு தொடங்கியபோது அவர் கர்ப்பிணி. நோயைப் பற்றிய செய்தி யாருக்கு அவசரமாக வேண்டுமோ, அவருக்கே எட்டவில்லை.

பிறகு முகமூடி. நம் மூக்கையும் வாயையும் மூடிற்று. அவர்களுடைய மொழியில் பாதியை மூடிற்று. உதட்டைப் படிக்கிறவர்களுக்கு உதடு போயிற்று. சைகையில் பேசுகிறவர்களுக்கும் முகபாவம் போயிற்று. முகபாவந்தான் இலக்கணம் என்று முன்பே சொன்னேன். கடைக்காரர் ஏதோ கேட்கிறார் என்பதே தெரியாமல் நின்றவர்கள் எத்தனை பேரோ! அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி, வாய்க்கு நேரே கண்ணாடித் தாள் ஜன்னல் வைத்த துணி முகமூடியைத் தாயாரோடு உட்கார்ந்து தைத்தாள். அது செய்தியாகி உலகம் சுற்றியது. நம் நாட்டிலும் பலர் அப்படித் தைத்தார்கள். மூச்சுப் பட்டுப் பட்டு ஜன்னல் மங்கிவிடுகிறது என்ற குறை இருந்தது. இருந்தாலும் புன்னகை தெரிந்தது.

இந்தியாவில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். குறை சொல்வதோடு நிறைவும் சொல்ல வேண்டும். மார்ச் மாதக் கடைசியிலேயே மத்திய அரசு, ஊனமுற்றோருக்குச் செய்திகள் அவரவருக்கு ஏற்ற வகையில், காது கேளாதோருக்குச் சைகையில் எட்ட வேண்டும் என்று வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு உதவித் தொலைபேசி வைத்தபோது, காது கேளாதவர்கள் காணொளியில் கூப்பிட்டுச் சைகையில் பேச ஒரு தனி எண்ணும் வைத்தது. டில்லியில் 2015-ல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி நிலையம், 2018-ல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதியை, நோய்க் காலத்தின் நடுவே 2021 பிப்ரவரியில் 10,000 சொற்களுக்கு வளர்த்தது. பாடப் புத்தகங்களைச் சைகையில் ஆக்க 2020 அக்டோபரில் ஒப்பந்தமும் ஆயிற்று.

ஆனால் அரசாங்கக் காகிதம் டில்லியிலிருந்து செங்கம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்து சேர்ந்தது. காது கேளாத வாலிபர்கள் தாங்களே எடுத்த சிறு சிறு படங்கள். மும்பையில் காது கேளாதவர்களே நடத்தும் 'இண்டியா சைனிங் ஹாண்ட்ஸ்' சைகையில் தினச் செய்தி தந்தது. ஐதராபாத்திலும் சென்னையிலும் 'டெஃப் எனேபிள்ட் ஃபவுண்டேஷன்' தொண்டர்கள் இதே வேலையில் இறங்கினார்கள். ஒருவர் கதவை மூடி, சாதாரணச் சட்டை போட்டு, வெள்ளைச் சுவருக்கு முன் நின்று இரண்டு நிமிஷம் பேசி அனுப்புவார். அது வாட்ஸப்பில் பள்ளித் தோழன், தோழனின் தோழன் என்று மலையேறிப் போகும். உலக ஸ்தாபனம் செய்ததும் பெரிய அளவில் இதுதான். நாட்டுக்கு நாடு இருக்கும் வாலிபர் சங்கங்களைத் திரையில் சேர்த்து, "உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்? எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொண்டே இருப்பது. தலைவர் வேலை என்று பேர். உண்மையில் தபால்காரர் வேலை. கடிதம் மட்டும் கையாலேயே எழுதியது.

2020 செப்டம்பர் 23 சைகை மொழிகள் தினத்துக்கு ஊர்வலம் போக முடியவில்லை. சம்மேளனம் ஒரு வேடிக்கை செய்தது. உலகத் தலைவர்களே, உங்கள் நாட்டுச் சைகை மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டது. 'சைகை மொழிகள் எல்லாருக்கும் உரியவை' என்பது வாக்கியம். மேடையில் மணிக்கணக்காக முழங்கும் பெரிய மனிதர்கள் விரலை மடக்கத் தெரியாமல் முழித்ததைப் பார்த்துச் சிரிக்காத காது கேளாதவர் இருந்திருக்க மாட்டார். அதுவும் ஒரு மருந்துதானே?

திரையால் தீராத குறை ஒன்று இருந்தது. பதினெட்டு வயதில் முகாமுக்குப் போயிருக்க வேண்டியவன், கதவு திறக்கையில் இருபத்தொன்று ஆகிவிட்டான். வயது வரம்பு முப்பது. அதைத் தாண்டிவிட்டவர்களுக்கு மறுமுறை கிடையாது. பணம் திரட்டிச் சரிக்கட்டலாம், தேதியை ஒத்திப் போடலாம், போன வயதை என்ன செய்வது? இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டுதான் ஒரு வாலிபர் தலைவர் "இந்த வருஷமும் முகாம் இல்லை" என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுதுவதுதான் விடியற்காலை 3 மணிக் கூட்டத்தைவிடக் கஷ்டமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

ஒத்திப் போட்டவற்றில் காது கேளாதோர் ஒலிம்பிக்ஸும் ஒன்று. 2021 டிசம்பரில் நடக்க வேண்டியது 2022 மே மாதம் பிரேஸிலில் காஷியாஸ் தொ சுல் நகரில் நடந்தது. அங்கே துப்பாக்கி வெடித்து ஓட்டம் தொடங்காது. விளக்கு எரிந்து தொடங்கும். மதுரையிலிருந்து போன ஜெர்லின் அனிகா என்ற பெண் பூப்பந்தில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். 2017-ல், 13 வயதிலேயே ஒரு தடவை போய் வந்தவள். நடுவில் இருந்த நோய்க் காலத்தில் அவளும் காத்துத்தான் இருந்தாள். அந்தத் தடவை இந்தியாவுக்கு மொத்தம் 16 பதக்கங்கள். மதுரை ரெயில் நிலையத்தில் மேளம் முழங்கியதோ என்னவோ, அவளுக்கு மாலை தெரிந்திருக்கும்.

2023 ஜூலை 11 முதல் 15 வரை தென் கொரியாவில் ஜேஜு தீவில் உலக மகாநாடு கூடியது. பாரிஸில் பிரிந்த பிறகு நான்கு வருஷம். திரையில் மட்டுமே பார்த்தவர்கள், 'நீ இவ்வளவு உயரமா!' என்று அதிசயித்தார்கள் என்றால் நம்பலாம். கட்டத்துக்குள் எல்லாரும் ஒரே உயரம் அல்லவா? வாலிபர் பிரிவின் பழைய நிர்வாகிகளின் தவணை அந்த வருஷத்தோடு முடிந்தது. நான்கு வருஷத்தில் பெரும்பாகம் அவர்கள் சபையையே காணாமல் சபை நடத்தினார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒருவரை வாழ்த்தும்போது யாரும் கை தட்டுவதில்லை. தட்டினால் யாருக்குக் கேட்கும்? ஆயிரக் கணக்கான கைகள் தலைக்கு மேல் உயர்ந்து, விரல்கள் விரிந்து, அரச இலை மாதிரி சிலுசிலுவென்று ஆடும். மண்டபத்தில் ஒரு பொட்டுச் சத்தம் இராது.

நம் பையனை மறந்து விடவில்லை. இப்போது அவனுக்குப் பதினெட்டு. அதே செங்கம் பஸ் ஸ்டாண்ட். அவன் பஸ்ஸுக்குள், மழைக்காக இறக்கிவிட்ட கண்ணாடிக்குப் பின்னால். சிநேகிதன் கீழே, மூன்று பஸ் தள்ளி. பக்கத்து ஸீட்டு அம்மாள் தன் பிள்ளையிடம் ஏதோ சொல்ல, கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்துகிறாள், "என்னம்மா? என்ன?" என்று அவன் கீழே நின்று காதில் கை வைத்துக் கேட்கிறான். டிரைவர் ஹாரனை அழுத்துகிறார். கண்டக்டர் விசில் ஊதுகிறார். நம் பையனும் சிநேகிதனும் அத்தனைக்கும் நடுவே சாவதானமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பஸ் வளைவு திரும்பும் வரையில் பேச்சு நிற்கவில்லை.